கிழக்கு தூக்கம்

என் மாப்பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை, குறைபாடாகவே சொல்கிறேன். சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்கு விசிலடிக்க வராது. என் தங்கையின் கணவருக்குப் பொய் வராது. முப்பத்தைந்து வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறி இறங்கி, தராசையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. அவர் தெருமுனையில் திரும்பும்போதே எடைக்கற்களெல்லாம் பயத்தில் தாமாகவே பத்துப் பத்து கிராம் ஊதிக்கொள்ளும் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். என் பேத்தி பிறந்தபோது மூன்று கிலோ என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மாப்பிள்ளை அட்டையை வாங்கிப் பார்த்து, "ரெண்டு தொள்ளாயிரத்து நாப்பது" என்று திருத்திவிட்டுத்தான் குழந்தையின் முகத்தையே பார்த்தார்.

நானோ பேருந்து நடத்துநர். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. ஐம்பது பேர் உட்கார வேண்டிய வண்டியில் இருநூறு பேரை ஏற்றியிருக்கிறேன். அவர்களில் பதினேழு பேர் இன்னும் இறங்கவில்லை, கடைசி இருக்கைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறார்கள். ஒருமுறை பிரேக் பிடிக்காத வண்டியை வெறும் விசிலாலேயே நிறுத்தினேன். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு மாப்பிள்ளை, "எத்தனை மீட்டர்ல நின்னுச்சு மச்சான்?" என்று மட்டும் கேட்பார்.

இப்படிப்பட்ட இரண்டு பேரை அருகருகே படுக்க வைத்து, வானத்திலிருந்து விழுகிற எரிநட்சத்திரங்களை எண்ணச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆறு வருடமாக, வருடத்துக்கு ஓர் இரவு, அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

நாங்கள் நான்கு பேர். கணக்கு டீச்சர்தான் தலைவி. ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலேயே ஆள் சேர்க்கக் கிளம்பிவிட்டவர். அவரிடம் படித்த பிள்ளைகள் இன்றைக்கும் தூக்கத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள் என்று கேள்வி. கேள்வி என்ன, நான் கிளப்பிவிட்டதுதான். நான்காவது ஆள் பேக்கரிக்காரர். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வேனை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டவர். அவருக்கு இடது காது கேட்காது. வலது காது தனக்குப் பிடித்ததை மட்டும் கேட்கும்.

ஊரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. அதன் மேல்விளிம்பில் ஒரு தட்டைப் பாறை. வேன் அவ்வளவு உயரம் ஏறாது. கீழே நிறுத்திவிட்டு மடக்குக் கட்டில்களையும் போர்வைகளையும் சுமந்துகொண்டு ஏற வேண்டும். மேலே போனதும் நான்கு கட்டில்களையும் கூட்டல் குறி மாதிரி போடுவோம்: தலைகள் நடுவில், கால்கள் நான்கு பக்கமும். யார் எந்தத் திசையைப் பார்க்கிறாரோ அந்தத் திசைதான் அவருக்குப் பெயர். ஒன்று ஓடினால், "மேற்கு ஒண்ணு!" என்று நான் கூவுவேன். நான்கு தலைகளுக்கும் நடுவில் டீச்சரின் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கும். அவர் கையில் பொத்தானை அழுத்தினால் நேரம் சொல்லும் கடிகாரம். வீட்டுக்குப் போன பிறகு பதிவைக் கேட்டுக் கேட்டு எழுதி, தொலைவில் எங்கோ இருக்கும் ஒரு வானியல் சங்கத்துக்கு அனுப்பிவைப்பார்.

சட்டங்கள் மூன்று. முதல் சட்டம், வெளிச்சம் கூடாது. இருட்டுக்குக் கண் முழுதாகத் திறக்க அரை மணி நேரம் ஆகும். ஒரே ஒரு டார்ச் வெளிச்சம் பட்டால் போதும், அத்தனையும் பாழ், மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது, அவரவர் திசையை விட்டு யாரும் தலையைத் திருப்பக்கூடாது. மூன்றாவது, தூங்கினவரை எழுப்பக்கூடாது. அரைத்தூக்கத்தில் எழுந்தவர் பார்க்காததையெல்லாம் பார்த்ததாகச் சொல்வார் என்பது டீச்சரின் கட்சி. தூங்குகிறவர் தூங்கட்டும், "தெற்கு தூக்கம்" என்று நேரத்தோடு பதிவாகிவிடும். பிறகு அவர் கணக்கில் அந்த நேரத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

போன வருடம் முதல் சட்டத்தை மீறியது நான்தான். சும்மா மணி பார்க்கலாமே என்று ஃபோனைத் திறந்தேன். அது என் முகத்தில் மட்டுமா அடித்தது? நான்கு ஊருக்கும் விடிந்துவிட்டது, கோழி கூவியது, பேருந்துகள் கிளம்பிவிட்டன. மாப்பிள்ளைக்கு அந்த வருடத்தின் ஆகச்சிறந்த அரை மணி நேரம் போயே போய்விட்டது. அதன்பின் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. என் தங்கை நடுவில் நின்று, "ரெண்டு கிழங்களும் சேர்ந்து என் உயிர வாங்குறீங்க" என்று கத்தின பிறகுதான் ஒரு வழியாகச் சமாதானம் ஆனது.

ஆகவே இந்த வருடம் நான் ஒரு தீர்மானத்தோடு கிளம்பினேன். இடி விழுந்தாலும் வெளிச்சம் கிடையாது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளைக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை வியாதி. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொண்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். தங்கை அவரை அனுப்பவே மாட்டேன் என்றுதான் நின்றாள். கடைசியில் சாப்பாட்டு டப்பாவை அவர் கையில் கொடுக்காமல் என் கையில் திணித்தாள்.

"அண்ணே, ஒம்பதரைக்கு ஊசி. பத்துக்குச் சாப்பாடு. ஊசி உள்ள போயிருச்சுன்னா அப்புறம் நட்சத்திரம், நிலான்னு எதுவும் கெடையாது."

"சரிம்மா."

"அவரு சட்டைப் பையில நாலு மிட்டாய் வச்சிருக்கேன். வேர்த்துச்சுன்னாலோ, சம்பந்தமில்லாம உளறினாலோ ஒண்ண வாயில போட்டுரு. யோசிக்காத."

"உளறினா மிட்டாயா? அப்போ முதல்ல எனக்குத்தான் குடுக்கணும்."

"அண்ணே, வெளையாடாத. அவரு உன் பொறுப்பு."

"நான் ஏத்தின பயணிய எறக்காம விட்டதே இல்ல" என்றேன். அந்தப் பதினேழு பேர் ஞாபகம் வந்து அவளே சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை ஏற்கெனவே வேனில் ஏறி, இரண்டு ஸ்வெட்டரும் காதை மூடிய குல்லாவுமாக, கண்ணை இருட்டுக்குப் பழக்குகிறேன் என்று கறுப்புக் கண்ணாடி வேறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேக்கரிக்காரர் பின்பக்கம் மூன்று பெட்டி கிரீம் பன் வைத்திருந்தார். வேன் முழுக்கச் சர்க்கரை வாசம்.

குவாரி அடிவாரத்தில் மாப்பிள்ளை வேனுக்குள்ளேயே ஊசி போட்டுக்கொண்டார். சரியாக ஒன்பதரை. "போட்டாச்சு மச்சான்" என்று என்னிடம் அறிவிக்கவும் செய்தார். பிறகு கட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறினார்.

குளிர் எப்படி இருந்தது என்கிறீர்கள்? பேசின பேச்சு வாயை விட்டு வெளியே வந்ததும் உறைந்து தொப்தொப்பென்று பாறையில் விழுந்தது. பொறுக்கி எடுத்துச் சூடுபண்ணித்தான் கேட்க வேண்டியிருந்தது. வானம் மட்டும் கழுவித் துடைத்த மாதிரி. நிலா இல்லை. இருட்டென்றால் அப்படியொரு இருட்டு. என் மூக்கு இன்னும் இருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அந்த வருடம் கிழக்கு மாப்பிள்ளைக்கு வந்தது. கிழக்கிலிருந்துதான் நட்சத்திரங்கள் கிளம்பி வரும். ஆக நல்ல இடம் அதுதான். எனக்கு மேற்கு. எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை.

பத்தாவதற்குக் கால் மணி இருக்கும்போது டீச்சர் ரெக்கார்டரை ஓடவிட்டார். பத்துக்குக் கடிகாரம் மணி சொன்னதும் டப்பாவை இருட்டிலேயே நீட்டினேன்.

"மாப்ளே, சாப்பாடு."

"தலைமாட்டுல வைங்க. இந்த அரை மணி போகட்டும்."

"தங்கச்சி என்னைக் கொன்னுருவா."

"இருட்டுல மூடியத் தொறந்து, ஸ்பூனத் தேடி, கீழ சிந்தி... கிழக்கு ஒண்ணு! பாருங்க, பேச்சுக் குடுக்காதீங்க."

அரை மணிதானே என்று நினைத்தேன். டப்பாவை அவர் தலைமாட்டில் வைத்தேன்.

பத்து இருபதுக்கு மேற்கில் ஒன்று வந்தது. அதை எரிநட்சத்திரம் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. யானை அளவு. பச்சை நிறம். ஊரையே தலைகீழாகத் திருப்பி வைக்கிற வேகத்தில் பாதி வானத்தைக் கிழித்துக்கொண்டு போய், மூன்றாக உடைந்து, பின்னால் ஒரு புகைக்கோட்டை விட்டுச்சென்றது. என் கட்டில் ஓர் அடி எழும்பி இறங்கியது. நான் எழுப்பின கூச்சலில் பேக்கரிக்காரரின் இடது காதுகூடத் திறந்திருக்கும்.

"எத்தனை வினாடி இருந்துச்சு மச்சான்?"

"ஒரு மணி நேரம்!"

"டீச்சர், நாலு வினாடின்னு போட்டுக்குங்க" என்றார் மாப்பிள்ளை.

பத்தரை வந்து போனதை நான் கவனிக்கவில்லை. இதில் எந்த அலங்காரமும் இல்லை. அடுத்த யானை வருமா வருமா என்று மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து ஐம்பதுக்கு மேல் கிழக்கு சூடுபிடித்தது. "கிழக்கு ஒண்ணு. கிழக்கு ஒண்ணு. கிழக்கு ரெண்டு." கொஞ்ச நேரத்தில், "மூணு! நாலு! அந்தா... அந்தா..." என்று மூச்சு விடாமல் அடுக்கினார். மற்ற மூன்று திசைக்கும் சேர்த்து அப்போது நிமிடத்துக்கு ஒன்று வந்தால் அதிகம்.

"கிழக்கு, கொஞ்சம் நிதானம். ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"எல்லாம் வருது டீச்சர். கொட்டுது. வெள்ளை வெள்ளையா... மூலையிலிருந்து..."

"எந்த மூலை?"

"எல்லா மூலையும்."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நாற்பது வருடமாகக் காத்திருந்த தருணம். "மாப்ளே! வந்துட்டீங்களா நம்ம கட்சிக்கு! இத்தனை வருஷம் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கைதட்டினேன். அவரும் சிரித்தார். அவர் சிரிப்பு எப்போதுமே ஒரு கனைப்போடு முடிந்துவிடும். அன்றைக்கு நிற்கவில்லை; சின்னப் பிள்ளை மாதிரி விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தார். நான் கூடச் சேர்ந்து சிரித்தேன். பேக்கரிக்காரர் எதற்கென்று தெரியாமலே சிரித்தார். டீச்சர் மட்டும், "ரெக்கார்டர் ஓடிக்கிட்டிருக்கு" என்று அதட்டினார்.

"மச்சான்."

"சொல்லுங்க மாப்ளே."

"வேர்க்குது."

ரெண்டு ஸ்வெட்டர் போட்டால் வேர்க்காமல் என்ன செய்யும் என்று வாயெடுத்தேன், சொல்லவும் சொன்னேன். ஆனால் சொல்லி முடித்த அந்த நொடியில் தங்கை வாசலில் நின்று சொன்னது ஞாபகம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் எழுதுகிற இந்தக் கை அழுகிப்போகும். வந்தது. என் இடுப்பில் டார்ச் இருந்தது. கையை அதன்மேல் வைத்தேன். உச்சநேரம். அவர் வாழ்க்கையில் இப்படியொரு கிழக்கைப் பார்த்ததில்லை. நான் வெளிச்சம் போட்டு, ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்? மூன்று மாதம் இல்லை, மூன்று வருடம் பேசமாட்டார்.

"மாப்ளே, சாப்பிட்டீங்கல்ல?"

"ம்."

பொய் வராத மனிதர் "ம்" என்றுவிட்டார். அதற்குமேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? டார்ச்சிலிருந்து கையை எடுத்தேன்.

அதன்பின் அவர் இரண்டு மூன்று தடவை ஏதோ சொன்னார். எண்ணா சொல்லா என்று தெரியவில்லை. பிறகு கட்டில் கிரீச்சென்றது. பிறகு குறட்டை. நான் பேருந்தில் எத்தனையோ ரகக் குறட்டை கேட்டவன். இது புது ரகம், பாறைக்கு அடியிலிருந்து தண்ணீர் இறைக்கிற மாதிரி.

"மேற்கு, அங்க என்ன சத்தம்?" என்று கேட்டார் டீச்சர்.

"ஆய்வாளர் ஐயா தூங்கிட்டார். அத்தனையையும் ஒரே மூச்சில எண்ணின களைப்பு."

டீச்சர் பொத்தானை அழுத்தினார். கடிகாரம் மணி சொன்னது. டீச்சர் தெளிவான குரலில், வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போலச் சொன்னார்:

"பதினொண்ணு முப்பத்தி நாலு. கிழக்கு தூக்கம்."

பதினொன்றே முக்காலுக்கு இடைவேளை விட வேண்டியது. சிவப்புத்தாள் ஒட்டிய விளக்கை ஏற்றி, ஃபிளாஸ்க் தேநீர் குடித்து, காலை உதறிக்கொள்கிற நேரம். "விடலாமா?" என்று டீச்சர் கேட்டார். வேண்டாம், உச்சநேரம் வீணாகும் என்று நான்தான் முதலில் சொன்னேன். பேக்கரிக்காரர் ஒத்துக்கொண்டார். ஆளுக்கொரு வாக்கு, தூங்குகிறவருக்கு வாக்கு இல்லை.

அடுத்த ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் மேற்கு மட்டும் ஐம்பத்திரண்டு. நானே உங்களுக்குச் சரியான எண்ணைச் சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு அழகான வானத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் கூவினேன். ஒவ்வொரு கூவலுக்கும் நடுவே அந்தக் குறட்டை வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது சிறிதாகிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை இப்போதுதான் ஆழ்ந்து தூங்குகிறார் என்று நினைத்தேன்.

ஒன்றே காலுக்கு மேகம் ஏறியது. "போதும், விளக்கைப் போடுங்க" என்றார் டீச்சர்.

"மாப்ளே, எழுந்திருங்க, உங்க பெண்டாட்டி வந்துட்டா" என்று சொல்லிக்கொண்டே டார்ச்சை அவர் முகத்துக்கு நேரே அடித்தேன். போன வருடத்துப் பழியைத் தீர்த்துக்கொள்கிறேனாம்.

கண் பாதி திறந்திருந்தது. வெளிச்சத்துக்கு இமைக்கவில்லை. வாயோரம் நுரை காய்ந்திருந்தது. குல்லா, ஸ்வெட்டர், போர்வை எல்லாம் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி நனைந்து, அந்தக் குளிரில் விறைத்துக் கிடந்தன. தலைமாட்டில் டப்பா நான் வைத்த இடத்தில், நான் வைத்த கோணத்தில் மூடியபடி இருந்தது.

அவர் சட்டைப் பையைத் துழாவினேன். நான்கு மிட்டாய். ஒன்றைப் பிரித்து வாயில் திணித்தேன். பல் கிட்டியிருந்தது. டீச்சர் என் கையைத் தட்டிவிட்டார். "தொண்டையில அடைச்சுக்கும்! தூக்குங்க!" கட்டிலோடு தூக்கினோம். நூற்றிருபது அடி சரிவு. மூன்று கிழங்கள், ஒரு கட்டில். அந்தச் சரிவை எத்தனை மைல் என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்ல வரவில்லை. வேனின் பின்கதவைத் திறந்ததும் கிரீம் பன் பெட்டிகளை பேக்கரிக்காரர் இரண்டு கையாலும் வெளியே வாரி எறிந்தார். அந்த வாசத்தோடேயே அவரை ஏற்றினோம்.

மருத்துவமனையில் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பணியிலிருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு எங்களிடம் திரும்பினார்.

"எவ்ளோ நேரமா இப்படி இருக்கார்?"

"பத்து நிமிஷம் இருக்கும்" என்றேன். வாழ்க்கை முழுக்க எதையும் பெருக்கியே சொன்னவன் நான். குறைத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ரெண்டரை மணி நேரம்" என்றார் டீச்சர். "பதினொண்ணு முப்பத்தி நாலிலேர்ந்து. அதுக்கு முன்னாடி நாப்பது நிமிஷம் உளறல்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "அவ்ளோ கரெக்டா எப்படித் தெரியும்?"

டீச்சர் கடிகாரத்தை முந்தானைக்குள் செருகிக்கொண்டார். எப்படித் தெரியும் என்று சொல்லத் தொடங்கினால், பிறகு ஏன் எழுப்பவில்லை என்று கேட்பார்.

சர்க்கரை ஏறிவிட்டது; ஆள் திரும்பவில்லை. மூளை நெடுநேரம் பட்டினி கிடந்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குத் தங்கை அவர் உள்ளங்காலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது. அவள் துடைத்து முடித்த பிறகுதான் செவிலியைக் கூப்பிட்டாள்.

பத்து நாள் கழித்து டீச்சரை வீட்டுக்கு வரச் சொன்னாள் என் தங்கை. ரெக்கார்டரையும் கொண்டுவரச் சொன்னாள். டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். "அது எதுக்கும்மா" என்று நான் ஆரம்பித்தேன். தங்கை என் பக்கமே திரும்பவில்லை.

சாப்பாட்டு மேசையில் அதை வைத்து ஓடவிட்டாள். தாண்டித் தாண்டிக் கேட்பாள் என்று நினைத்தேன். இல்லை. மூன்றரை மணி நேரத்தையும் கேட்டாள். என்னையும் உட்கார வைத்தாள். டீச்சர் பாதியில் எழுந்துபோய்க் கூடத்து ஜன்னலருகே நின்றுகொண்டார்.

பதிவில் அதிகம் கேட்டது என் குரல்தான். நாற்பது வருடம் படிக்கட்டுக்கும் பின்சீட்டுக்கும் எட்டுகிற மாதிரி வளர்த்த குரல். "நம்ம கட்சிக்கு!" என்று அது கூவியது. கைதட்டியது. அதற்கு அடியில், ரெக்கார்டருக்கு அத்தனை பக்கத்தில், அவர் சிரித்தார். தங்கை முகத்தில் அந்த இடத்தில் ஒரு மாற்றம் வந்தது. அவர் அப்படிச் சிரித்து அவளும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"வேர்க்குது" என்றார் மாப்பிள்ளை.

தங்கை பதிவை நிறுத்தினாள்.

"இந்த எடத்துல நீ எவ்ளோ தூரத்துல இருந்தண்ணே?"

"கைய நீட்டினா தொடலாம்."

"நீட்டுனியா?"

"இல்லம்மா. சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். ம்னாரு. அவரு பொய் சொல்லுவாரா சொல்லு."

"லைட்டு?"

"போட்டா திட்டுவாரும்மா. போன வருஷம்..."

"திட்டட்டுமே. திட்டுறதுக்கு ஆளு இருந்திருப்பாரு."

மறுபடி ஓடவிட்டாள். 'கிழக்கு தூக்கம்' வந்தது. அதன்பின் ஒன்றேமுக்கால் மணி நேரம் நாங்கள் அந்த மேசையில் உட்கார்ந்து என் ஐம்பத்திரண்டு கூவல்களையும் அவற்றுக்கு நடுவே இருந்ததையும் கேட்டோம். சுவர்க்கடிகாரத்தில் மாலை ஐந்து, ஐந்தரை, ஆறு என்று போயிற்று. அவள் விளக்கைப் போடவில்லை, நானும் எழுந்து போடவில்லை.

பதிவு முடிந்ததும் டீச்சர் உள்ளே வந்து, சங்கத்துக்கு அனுப்ப வேண்டிய தாளைக் காட்டினார். கிழக்கின் பத்து ஐம்பதுக்குப் பிந்திய நாற்பத்தொன்றை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இருக்கட்டும், அவர் கண்ணுக்குத் தெரிந்ததுதானே என்று நான் கெஞ்சினேன். தங்கை பேனாவை வாங்கி அந்த வரிசையை ஒரே கோடாக அடித்தாள்.

"வராதத வந்துச்சுன்னு போட்டா அவருக்குப் புடிக்காது" என்றாள்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். வராதே என்று சொல்லிவிடுவாளோ என்று செருப்பை மாட்டாமலே நின்றேன். அவள் சொன்னது வேறு.

"வாண்ணே. வாராவாரம் வா. எனக்கும் யாரு இருக்கா? ஆனா என்கிட்ட இனிமே தமாஷ் பண்ணாத. ஒண்ண ஒண்ணுன்னு சொல்லு. ரெண்டுன்னா ரெண்டு."

போகிறேன். வியாழக்கிழமைதோறும், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம். கதவைத் திறக்கிறாள், நாற்காலியைக் காட்டுகிறாள். தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். அவள் கேட்கிற ஒவ்வொன்றுக்கும் என் நாக்கு நுனியில் நூறு பதில் குதிக்கிறது. ஒவ்வொன்றையும் பிடித்துக் கழுத்தை நெரித்து உள்ளே தள்ளுகிறேன். போன வாரம் கேட்டாள்:

"பஸ்ல கூட்டமா அண்ணே?"

"பன்னெண்டு பேரு இருந்தாங்கம்மா."

"உக்கார எடம் கெடச்சுதா?"

"கெடச்சுது. வலது பக்கம், நாலாவது சீட்டு."

தலையசைத்தாள். அப்புறம் கேட்க அவளிடமும் ஒன்றும் இல்லை, சொல்ல என்னிடமும் ஒன்றும் இல்லை. நாலரை பஸ்ஸுக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.